புற்றுக் காளான் ஷெட்டில் முளைக்குமா?

இந்த முறை வந்த கடிதங்களில் இரண்டு, காளானைப் பற்றியவை. ஒன்று அந்தியூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியது. இன்னொன்று கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஒரு வாசகி எழுதியது. இரண்டுமே அவசரக் கேள்விகள் என்பதால் மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன.

அந்தியூர் விவசாயியின் கடிதம் இது.

“பையன் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். சிப்பிக் காளானை இப்போது எல்லோரும் போடுகிறார்கள், புற்றுக் காளான் போட்டால் கேட்ட விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று செல்போனில் ஏதோ வீடியோ பார்த்தான். ‘புற்றுக் காளான் விதை’ என்று பத்து பாக்கெட் ஆறாயிரம் ரூபாய்க்கு வரவழைத்தான். வைக்கோலை வேகவைத்துப் படுக்கை போட்டு இரண்டு மாதம் தண்ணீர் தெளித்தான். நாலு படுக்கை பச்சைப் பூஞ்சணம் பிடித்து நாறிப்போனது. ஆறில் வந்ததைப் பார்த்தால் சிப்பிக் காளான் மாதிரியே இருக்கிறது. விற்றவரைக் கேட்டால், ‘படுக்கையில் கறையான் புற்று மண்ணைப் போடாததுதான் தப்பு’ என்கிறார். எங்கள் காட்டு வேலியோரம் ஒரு புற்று இருக்கிறது. என் அப்பா காலத்திலிருந்து வருஷா வருஷம் காளான் கொடுக்கிற புற்று. அதை வெட்டி மண் எடுக்கப் போகிறேன் என்று பையன் நிற்கிறான். வெட்டலாமா?”

வெட்டக் கூடாது. மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தக் கடப்பாரையை வீட்டுக்குள் எடுத்து வைப்பது நல்லது. வெட்டினால் புற்றும் போகும், படுக்கையிலும் ஒன்றும் வராது.

காரணம், புற்றுக் காளான் மண்ணில் முளைப்பதில்லை. மண்ணைத் துளைத்துக்கொண்டு வருகிறது, அவ்வளவுதான். அதன் வேர்ப்பிடிப்பு ஆழத்தில், கறையான் கட்டி வைத்திருக்கும் புற்றாஞ்சோற்றில் இருக்கிறது. புற்றை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். கடற்பஞ்சு போல, தேனடை போல, பழுப்பு நிறத்தில் மடிப்பு மடிப்பாக இருக்கும். உற்றுப் பார்த்தால் அதன் மேல் ரவையைத் தூவியது போல வெள்ளை வெள்ளையாக மணிகள் தெரியும். அந்த மணிகள் பூசணத்தின் முளைகள்.

கறையானும் ஒரு விவசாயிதான். காய்ந்த இலை, வைக்கோல், மரத்துண்டு என்று கிடைப்பதையெல்லாம் தின்றுவிட்டு உள்ளே வந்து எச்சமாக வைக்கிறது. அந்த எச்சம்தான் படுக்கை. மரத்தில் உள்ள கெட்டியான பொருளை முழுதாகச் செரிக்கும் வேலையைப் பூசணம் செய்து கொடுக்கிறது. நன்றாக வெந்து பதமான பழைய பகுதியையும் அந்த வெள்ளை மணிகளையும் கறையான் தின்கிறது. தின்ற மணியில் இருக்கும் வித்துகள் அதன் வயிற்றில் சாகாமல், அடுத்து வைக்கும் எச்சத்தோடு புதுப் படுக்கைக்குப் போய்ச் சேர்கின்றன. தீனியும் விதைப்பும் ஒரே வேலையில் முடிந்துவிடுகிறது. இந்தக் கூட்டு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மனிதன் முதல் நெல்லை விதைத்துப் பத்தாயிரம் ஆண்டுக் கணக்குதான் ஆகிறது.

கறையான் களையும் எடுக்கிறது. புற்றாஞ்சோற்றில் வேறு பூசணம் தலைகாட்ட விடுவதில்லை. வெட்டியெடுத்த புற்றாஞ்சோற்றைக் கறையான் இல்லாமல் ஒரு டப்பாவில் வைத்துப் பார்த்தால் இது தெரியும். சில நாட்களில் சைலேரியா என்ற வேறொரு பூசணம் அதை மூடிவிடும். கைவிடப்பட்ட பழைய புற்றின் மேல் மழைக்குப் பிறகு கறுப்பு விரல் போல, குச்சி குச்சியாக நிற்பதும் அந்த இனம்தான். கறையான் இருக்கும் வரை அடங்கிக் கிடந்தது, அது போனதும் எழுந்துவிடுகிறது. புற்று மண்ணை அள்ளிப் படுக்கையில் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. மேல் மண்ணில் புற்றாஞ்சோறு கிடையாது. ஆழத்திலிருந்து அதையே எடுத்து வந்தாலும் காவல் காக்கும் கறையான் கிடையாது.

பையன் போட்ட நாலு படுக்கை பச்சைப் பூஞ்சணம் பிடித்ததற்கும் இந்தக் கதையோடு தொடர்பு இருக்கலாம். ஒருவேளை அந்த நாலு பாக்கெட்டில் உண்மையாகவே புற்றுக் காளானின் பூசண இழை இருந்திருந்தாலும், அது மிக மெதுவாக வளரும் இனம். வைக்கோலில் அது கால் ஊன்றுவதற்குள் பச்சைப் பூஞ்சணம் எல்லாவற்றையும் தின்று முடித்துவிடும். சிப்பிக் காளான் அப்படியில்லை. வேகமாக ஓடிப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர் கையிலும் அது வருகிறது. மீதி ஆறு பாக்கெட்டில் என்ன இருந்தது என்பதற்குக் கடிதத்திலேயே பதில் இருக்கிறது.

இதை வளர்த்துவிட வேண்டும் என்று முயன்றவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். சின்ன ஆட்களும் இல்லை. ‘டெர்மிட்டோமைசஸ்’ என்று இந்தக் குடும்பத்துக்குப் பெயர் வைத்தவர் ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. பெயர் வைத்தது 1942-ல். நம் பக்கத்துப் புற்றில் வரும் வெள்ளைக் காளான் ஒன்றை 1979-ல் தனி இனமாக அடையாளம் காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். அவர் அந்த இனத்துக்கு ஹைமின் பெயரையே வைத்தார். டெர்மிட்டோமைசஸ் ஹைமி என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஆய்வகத்தில் இதன் பூசண இழையைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்க்கிறார்கள், திரவத்தில் வளர்க்கிறார்கள். புற்றில் இருப்பது போல வெள்ளை மணிகள்கூட வரும். குடை விரிந்து, பறித்து, எடை போட்டு விற்கிற மாதிரி ஒரு சாகுபடி முறையை விவசாயி கையில் கொடுக்க இதுவரை யாராலும் முடியவில்லை. கறையான் என்ன செய்கிறது என்று தெரிகிறது. கறையான் இல்லாமல் அதையே செய்து காட்டத்தான் முடியவில்லை.

அப்படியானால் வீடியோவில் கொத்துக் கொத்தாக நிற்பது என்ன? சீனாவில் ‘கறுப்புத்தோல் கறையான் காளான்’ என்ற பெயரில் ஒன்று பெரிய அளவில் சாகுபடியாகி விற்பனைக்கு வருகிறது. அதற்கும் வேர் மாதிரி நீண்ட தண்டு உண்டு, பார்க்கக் கொஞ்சம் புற்றுக் காளான் சாயல் உண்டு. ஆனால் அது வேறு குடும்பம், கறையானோடு அதற்கு எந்த உறவும் இல்லை. சந்தைக்காக வைத்த பெயர் அது. வீடியோவில் வருவது அதுவாகவும் இருக்கலாம், காட்டில் பறித்ததைக் கொண்டு வந்து படுக்கையில் நட்டு வைத்ததாகவும் இருக்கலாம்.

போன ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு வழி இருக்கிறது. பணம் அனுப்பிய ரசீது, விளம்பரத்தின் படம், விற்றவரோடு நடந்த செய்திப் பரிமாற்றம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் புகார் சொல்லலாம். பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றது தெளிவான புகார். ஆறு படுக்கையில் வந்த காளானின் போட்டோவும் கூட இருந்தால் நல்லது.

இனி அந்தப் புற்று. அது விதைக்காமல் வருகிற வெள்ளாமை. அதற்கும் கொஞ்சம் பார்வை வேண்டும். பெரும்பாலான இனங்களில் புதுப் புற்றுக்குப் பூசணம் எப்படிப் போகிறது தெரியுமா? மழை தொடங்கி ஈசல் பறந்து, ஜோடி சேர்ந்து மண்ணுக்குள் போகிறது. அங்கே பிறக்கும் முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே இரை தேட வரும்போது, விரிந்த புற்றுக் காளானிலிருந்து உதிர்ந்த வித்துகள் அவற்றுக்குத் தரையில் கிடைக்கின்றன. அதைக் கொண்டுபோய்த்தான் தங்கள் முதல் தோட்டத்தைப் போடுகின்றன. மொட்டாக இருக்கும்போதே ஒன்று விடாமல் பறித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் புதுப் புற்றுக்கு விதை இல்லை. ஊரில் பெரியவர்கள் “நாலை விட்டுட்டுப் பறி” என்று சொல்வதில் இந்தக் கணக்கு இருக்கிறது. விரிந்த குடை நாலைந்தை அப்படியே விட வேண்டும். வேரோடு தோண்டாமல், தரை மட்டத்தில் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். சுற்றிக் கிடக்கும் காய்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்தக் கூடாது, அது கறையானின் தீவனம். புற்றுக்குப் பக்கத்தில் குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து ஊற்றவே கூடாது. ஊற்றினால் காளான் போவது ஒரு பக்கம், அந்த இடத்துக் காளானைப் பிறகு சாப்பிடவும் முடியாது.

ஒரு நியாயமான மறுப்பு இருக்கிறது. அதே கறையான்தான் கரும்புக் கரணையையும் நிலக்கடலையையும் தென்னங்கன்றையும் அரிக்கிறது. தோட்டத்து நடுவில் இருக்கும் புற்றைக் காப்பாற்றச் சொன்னால் எந்த விவசாயியும் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டியதில்லை. கடிதத்தில் இருப்பது வேலியோரப் புற்று. அது அங்கேயே இருக்கலாம்.

பையன் காளானை விடப்போவதில்லை என்றால், அவனுக்குப் பொருத்தமான கதை ஒன்று உண்டு. பால் காளானும் ஒரு காலத்தில் காட்டுக் காளான்தான். 1974-ல் மேற்கு வங்கத்தில் கண்டெடுத்து விவரித்தார்கள். பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பிடித்து, பழக்கி, 1998-ல் ‘ஏ.பி.கே. 2’ என்று ரகமாகவே வெளியிட்டது. இது பழகியது, புற்றுக் காளான் பழகவில்லை. ஏன்? பால் காளான் செத்த வைக்கோலைத் தானே தின்று வாழும், அதற்குக் கூட்டாளி தேவையில்லை. பூசணம் வைக்கோல் முழுக்கப் பரவிய பிறகு படுக்கையை இரண்டாக வெட்டி, மேலே வேகவைத்த மேற்பூச்சு மண்ணைப் பரப்பினால் போதும். 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வரும். சிப்பிக் காளான் தடுமாறும் கோடையில் அந்தியூர் வெயிலுக்கு அதுதான் ஏற்றது. பாதி நிலத்துக்குள் இறக்கி, நீல நிற பிளாஸ்டிக் ஷீட் போட்ட குடில் போதுமானது. பறித்த பிறகு சிப்பிக் காளானைவிட அதிக நாள் தாங்கும் என்பதால் சந்தைக்கு ஓட வேண்டிய அவசரமும் குறைவு. விதையைப் பல்கலைக்கழகத்திலோ அதன் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பயிற்சியோடு சேர்த்து வாங்குவது நல்லது. பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று அங்கே சொல்வார்கள்.

காட்டில் பறிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லாமல் இதை முடிக்க முடியாது. மழைக்குப் பிறகு புல்வெளியிலும் மாட்டுப்பட்டி ஓரத்திலும் வெள்ளையாகப் பெரிய குடையோடு ஒரு காளான் வரும். மேலே பழுப்புச் செதில் ஒட்டியிருக்கும், தண்டில் வளையம் இருக்கும். இளசில் பார்த்தால் புற்றுக் காளான் என்றே தோன்றும். முற்றினால் அடிப்பக்க இதழ்கள் பச்சை சாயலுக்கு மாறும். சாப்பிட்ட ஓரிரண்டு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் புரட்டி எடுத்துவிடும். சந்தேகம் வந்தால் குடையை வெள்ளைத் தாளில் ஓர் இரவு கவிழ்த்து வைத்துப் பார்க்கலாம். பச்சைத் தூள் படிந்தால் அதுதான். புற்றுக் காளான் வெளிறிய இளஞ்சிவப்பாகத் தூள் விடும், ஆனால் இளஞ்சிவப்புத் தூள் விடுவதெல்லாம் நல்ல காளான் இல்லை. தண்டு தரைக்குக் கீழே வேர் போல நீண்டு புற்றுக்குள் இறங்குகிறதா என்பதையும் ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். வெள்ளிக் காசு கறுக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்ற சோதனைகள் எல்லாம் வெறும் பேச்சு. ஆளைக் கொல்லும் காளானையும் பூச்சி அரிக்கும். இன்னும் மோசமான இனங்களில் வாந்தியே ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்கும், கொஞ்சம் நின்றது போலவும் தெரியும், அதற்குள் ஈரல் போய்க்கொண்டிருக்கும். காளான் சாப்பிட்டு வாந்தி என்றால், நின்றுவிட்டாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. மிச்சமிருக்கும் காளானையும் ஒரு காகிதத்தில் மடித்து எடுத்துப் போக வேண்டும்.

மேல்மலை வாசகியின் கடிதம் வேறு மாதிரி.

“பூண்டும் கேரட்டும் போடுகிறோம். வீட்டுக்காரர் இறந்து மூன்று வருஷமாகிறது. உருளைக்கிழங்கு வைக்கிற பழைய ஷெட் ஒன்று சும்மா கிடக்கிறது. டவுனிலிருந்து மூன்று பையன்கள் வந்து, அபூர்வமான காளான் ஒன்றை வளர்த்துப் பார்க்கப் போகிறோம், வெளிநாட்டில் அதில் மருந்து செய்கிறார்கள் என்று சொல்லி ஷெட்டை ஒரு வருஷத்துக்குக் கேட்கிறார்கள். இந்த ஊரில் யாரும் கொடுக்காத வாடகை சொல்கிறார்கள். மரியாதையான பையன்கள், அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் உள்ளே யாரும் வரக் கூடாது என்கிறார்கள். காளான் பெயரைக் கேட்டால் சிரிக்கிறார்கள். எழுத்தும் வேண்டாம், வாய்ப்பேச்சு போதும் என்கிறார்கள். கொடுக்கலாமா?”

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. என்றாலும் அந்தப் பையன்கள் சொன்னதில் பாதி உண்மை என்பதையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அவர்கள் செல்போனில் நாலு செய்தியைக் காட்டியதும் வாசகிக்குக் குழப்பம் வந்துவிடும்.

புற்றுக் காளானுக்குப் பெயர் வைத்த அதே ரோஜர் ஹைம்தான் மெக்சிகோ மலைகளில் வரும் போதைக் காளான்களையும் ஆராய்ந்தவர். புற்றுக் காளான் யாருக்கும் வசப்படவில்லை, இது அவருடைய பாரிஸ் ஆய்வகத்தில் வளர்ந்தது. அங்கிருந்து போன காளானில்தான் சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன் 1958-ல் ‘சைலோசைபின்’ என்ற பொருளைப் பிரித்தார். மூளையைக் கலக்கி, இல்லாததைக் காட்டும் பொருள் அதுதான். மனச்சோர்வு நோய்க்கு அதை மருந்தாக்க முடியுமா என்று இப்போது பல நாடுகளில் சோதனை நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சில நோயாளிகளுக்கு அதைக் கொடுக்கலாம். இதெல்லாம் மருத்துவர் முன்னால், மில்லிகிராம் கணக்கில் அளந்து நடப்பது. உருளைக்கிழங்கு ஷெட்டில் நடப்பது இல்லை.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது. பிடிபட்ட அளவு சிறியது என்றால் ஓராண்டு வரை சிறை. வணிக அளவு என்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு. காளானின் முழு எடையைக் கணக்கில் எடுப்பதா, அதற்குள் இருக்கும் பொருளின் எடையை மட்டுமா என்று நீதிமன்றங்களில் வாதம் நடந்திருக்கிறது. அந்தப் பையன்கள் அதைச் சொல்லித் தைரியம் கொடுக்கலாம். அந்த வாதம் முடியும் வரை உள்ளே இருப்பது யார் என்பதுதான் கேள்வி.

வாசகிக்கு முக்கியமானது அதே சட்டத்தின் 25-ஆம் பிரிவு. வீடு, ஷெட், நிலம், வாகனம் எதையும் இந்தக் குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே விட்டவருக்கும் செய்தவருக்கு உள்ள அதே தண்டனை. “எனக்குத் தெரியாது” என்று சொல்லலாம்தான். ஆனால் இந்தச் சட்டத்தில், தெரிந்தே செய்தார் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், தெரியாது என்பதை நிரூபிக்கும் பாரம் மாட்டியவர் தலையில்தான் விழும். பெயர் சொல்லாத காளான், எழுத்தில்லாத ஒப்பந்தம், ஊர் காணாத வாடகை. இத்தனையையும் பார்த்துவிட்டுக் கொடுத்தவர் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கொடைக்கானலில் போதைக் காளான் விற்றுக் கைதானவர்களைப் பற்றிப் பலமுறை செய்தி வந்திருக்கிறது, மேல்மலைக்கு அது புதிதும் இல்லை.

பையன்கள் ‘அபூர்வமான இனம்’ என்று சொன்னதும் கவனிக்க வேண்டியது. இந்த வகையில் ஆசைக்காகவும் பந்தயத்துக்காகவும் யாரும் வளர்க்காத இனத்தைத் தேடிப் போகிறவர்கள் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பைன் மரத்தடியில் சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டோடு ஒன்று வரும். குழந்தைகளின் படப் புத்தகத்தில் எல்லாம் இருக்கும். அதுவும் தலையைக் கலக்குவதுதான், நஞ்சும் கூட. பைன் மரத்தின் உயிருள்ள வேரோடு ஒட்டி வாழ்வதால், புற்றுக் காளானுக்குக் கறையான் போல, அதற்கு மரம் வேண்டும். ஷெட்டில் அதைக் குடை விரிய வைத்தவர் இல்லை. அமெரிக்காவின் வடமேற்கில் மரச் சிராயில், குளிர் மழையில் மட்டும் வரும் இனங்களைத் தேடி ஒரு கூட்டம் அலைகிறது. அதே மரச் சிராயில் ‘கேலரினா’ என்ற ஒரு சிறு பழுப்புக் காளானும் தானாக வரும். ஈரலைத் தின்பது அது. 1981-ல் வாஷிங்டன் மாநிலத்தில் மூன்று இளைஞர்கள் ஒன்றை மற்றதென்று நினைத்துச் சாப்பிட்டு, 16 வயதுப் பெண் ஒருத்தி இறந்துபோனாள். தானே போட்ட படுக்கையிலும் விதைக்காத காளான் முளைக்கும் என்பது எந்தக் காளான் விவசாயிக்கும் தெரிந்த விஷயம். அம்மா என்று கூப்பிடுகிற பையன்கள் என்பதால், அவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

மெக்சிகோவில் இந்தக் காளானை வெளியுலகம் தெரிந்துகொண்டது ஒரு மலைக்கிராமத்துப் பெண்ணின் வழியாக. மரியா சபினா என்று பெயர். ஊஆட்லா என்ற ஊரில், நோயாளிகளுக்காக இரவில் காளான் வைத்து வழிபாடு செய்கிறவர். 1955-ல் கார்டன் வாசன் என்ற நியூயார்க் வங்கி அதிகாரியை அவர் தன் வழிபாட்டில் உட்கார வைத்தார். 1957-ல் வாசன் அதைப் பெரிய பத்திரிகை ஒன்றில் எழுதினார். பிறகு காளான் தேடி ஊருக்குள் கூட்டம் கூட்டமாக வெளியாட்கள் வந்தார்கள், பின்னாலேயே போலீஸும் வந்தது. ஊர், பழியை அந்தப் பெண் மேல் போட்டது. அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். வறுமையிலேயே 1985-ல் இறந்தார். வந்தவர்கள் தங்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், அந்த ஊரிலேயே வாழ வேண்டியிருந்தவர் அவர்தான்.

ஷெட் சும்மா கிடக்கிறது என்பதும் உண்மையான கஷ்டம்தான். மேல்மலைக் குளிருக்கு மொட்டுக் காளான் வரும். 16 முதல் 18 டிகிரி வெப்பத்தில் மொட்டு விடும் பயிர் அது, சமவெளியில் அதற்கு ஏ.சி. போட்டுச் செலவழிக்கிறார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகமே ‘ஊட்டி 1’ என்று ஒரு ரகம் வைத்திருக்கிறது. ஆனால் சுலபம் என்று சொல்லிவிட முடியாது. வைக்கோல் மக்கு தயாரிப்பதற்கே மூன்று, நாலு வாரம் புரட்டிப் போட வேண்டும், தனியாக ஒருவர் செய்கிற வேலை இல்லை. மகளிர் குழுவில் நாலு பேர் சேர்ந்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் விதைப்பூண்டு கட்டித் தொங்கவிட அக்கம்பக்கத்தில் இடம் தேடுகிறவர்களுக்கு ஷெட்டை விடலாம். வாடகை கொஞ்சமாகத்தான் வரும்.

உண்மையாகவே காளான் வளர்க்க வருகிற ஆள் என்றால் மூன்று விஷயத்துக்கு மறுப்புச் சொல்ல மாட்டார். காளானின் பெயரை ஒப்பந்தத்தில் எழுதுவது, விதை வாங்கிய ரசீதின் நகல் கொடுப்பது, ஷெட்டின் சொந்தக்காரர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்ப்பது. அந்த மூன்று பையன்களிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவர் காதிலும் போட்டு வைப்பது நல்லது. வேறு வீட்டு ஷெட்டைக் கேட்டு அவர்கள் அடுத்த தெருவுக்குப் போகக் கூடும்.

முன்பணம் இன்னும் கை மாறவில்லை என்று கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. மாறாமலே இருக்கட்டும்.